எழுதப்படாத விலக்குகள்

கோவில்பட்டி மார்க்கெட் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பத்தடி முகப்புள்ள கடை வைத்திருப்பவருக்கு ஒரு சின்ன ஆசை இருக்கும். சந்து முனையில், மின்கம்பத்தை ஒட்டி, தன் கடைப் பெயரும் ஓர் அம்புக்குறியும் போட்ட தகரப் பலகை ஒன்று வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து சரக்கு வாங்க வருபவர் முனையைத் தாண்டிப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். அவர் முறைப்படி மனு எழுதிக்கொண்டு போனால், முனையருகே பலகை கூடாது என்று விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடலாம். விதியும் அப்படித்தான் இருக்கிறது. அடுத்த வாரம் அதே முனையில் சவுக்குக் கம்பு நட்டு, சாலையை மறித்து, காதுகுத்து விழாவுக்கு வருகைதரும் பிரமுகரை வரவேற்று ஆர்ச் நிற்கும். அதற்கு அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்பது நம் பக்கத்தில் கிட்டத்தட்ட அநாகரிகம்.

விளம்பரப் பலகை விதிகளிலிருந்து சொத்து உரிமையாளர்களுக்கு விலக்கு தரலாமா என்று கேட்டால், அறிவுள்ளவர்கள் பலரும் கூடாது என்றே சொல்வார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் ஊருக்கே கொடுக்க வேண்டிவரும் என்பார்கள். ஆனால் விலக்கு ஏற்கெனவே தாராளமாகக் கொடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மனு இல்லை, உத்தரவு இல்லை, காலக்கெடு இல்லை. கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்பதற்குக் காகிதம் இல்லை. கண்டுகொள்ளாமல் இருப்பதே இங்கு விலக்கு ஆணை. இந்த எழுதப்படாத விலக்கை ஒழிக்க வேண்டுமானால், எழுதிக் கொடுக்கும் விலக்கு ஒன்று நம் நகராட்சிகளில் வந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் விளம்பரப் பலகைகளுக்கு உரிமம் வழங்க 2003இல் தனி விதிகள் வந்தன. அப்போது உரிமம் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருந்தது. அதாவது கோவில்பட்டிக்காரர் ஒரு பலகைக்காகத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. கல்வி நிலையங்கள், மக்கள் கூடும் வழிபாட்டுத் தலங்கள், உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனைகள் ஆகியவற்றின் முன்பும், வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் முன்பும், சாலைச் சந்திப்புகளில் இருபுறமும் 100 மீட்டர் தூரத்துக்கும் பலகை கூடாது என்பது அந்த விதிகள் வகுத்த தடை. துணிபோல் அச்சாகிவரும் பிளக்ஸ் பேனர்களுக்கு 2011இல் வேறு விதிகள் வந்தன. ஆறு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, அனுமதி விவரத்தை பேனரிலேயே அச்சிட வேண்டும் என்று அவை கேட்டன. இப்போது 2023இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளுக்குள் இவையெல்லாம் சேர்ந்துகொண்டன. பலகை பொது இடத்தில் நின்றாலும் தனியார் இடத்தில் நின்றாலும் சட்டம் பாயும். என் பட்டா, என் மொட்டைமாடி, என் இஷ்டம் என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2008இல் நோவா ஆட்ஸ் வழக்கில் தோற்றது. சாலையில் போகிறவரின் கண்ணையும் உயிரையும் தொடுகிற பலகை எவர் நிலத்தில் நின்றால் என்ன? தீர்ப்பு சரியானது.

ஆனால் 100 மீட்டரை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி கடைவீதிக்குள் நடந்து பாருங்கள். பழைய ஊர் இது. செண்பகவல்லி அம்மன் கோயிலைச் சுற்றி, ரயில் நிலையத்தை நோக்கி, பஞ்சுப் பேட்டைக்கும் மில்லுக்கும் போன வண்டித் தடங்களைப் பிடித்து வளர்ந்த ஊர். முப்பது நாற்பது எட்டு வைப்பதற்குள் ஒரு சந்து குறுக்கிடும். ஒரு சந்திப்பின் 100 மீட்டர் முடிவதற்குள் அடுத்த சந்திப்பின் 100 மீட்டர் தொடங்கிவிடும். எழுத்துப் பிசகாமல் அமல்படுத்தினால் கடைவீதி முழுவதும் தடை செய்யப்பட்ட பகுதி. சென்னை அண்ணா சாலையை மனத்தில் வைத்து எழுதிய விதியைக் கரிசல் ஊரின் சந்துக்குப் போர்த்தினால் இதுதான் நடக்கும். எல்லோருமே விதியை மீறியவர்கள் ஆகிவிட்டால், யாரைப் பிடிப்பது யாரை விடுவது என்பது அதிகாரியின் மனசுக்குப் போய்விடுகிறது. எழுதப்படாத விலக்கு பிறக்கிற இடம் அது.

பழைய சட்டங்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. விளம்பர வரி இருந்த காலத்தில், ஒரு கட்டடத்துக்குள் நடக்கும் தொழிலைப் பற்றி அந்தக் கட்டடத்திலேயே வைக்கும் பலகைக்கு வரி கிடையாது. விற்பனைக்கு, வாடகைக்கு என்று வீட்டுக்காரர் எழுதி மாட்டும் பலகைக்கும் அப்படித்தான். தன் பிழைப்பைத் தன் வாசலில் சொல்வது வேறு, தன் மொட்டைமாடியை நகைக்கடைக்கோ செல்போன் கம்பெனிக்கோ வாடகைக்கு விடுவது வேறு என்ற விவேகம் அதில் இருந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அரசியல் சாசனத்தின் 101ஆவது திருத்தம் மாநிலப் பட்டியலிலிருந்த விளம்பர வரியையே எடுத்துவிட்டது. உள்ளாட்சிகளிடம் இப்போது மிஞ்சியிருப்பது உரிமக் கட்டணம். வரி போனதோடு அந்த விவேகமும் போய்விட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பெரியவர்களுக்கான விலக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன 23 வயது இளம் பொறியாளர் மீது விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி அவர் இறந்தார். அரசியல் கட்சிகள் பேனர் வைக்கக் கூடாது என்ற உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை அதற்கு முந்தைய டிசம்பரிலிருந்தே இருந்தது. அந்த மரணத்துக்கு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மாமல்லபுரத்துக்கு வரும் பிரதமர் மோடியையும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கையும் வரவேற்று பேனர் வைக்க அனுமதி கேட்டு மாநில அரசு அதே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தடை கட்சிகளுக்குத்தான், அரசு விதிகளைப் பின்பற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி அதில் குறை காண முடியாமல் இருக்கலாம். ஆனால் சாலையில் போகிறவருக்கு, தலையில் விழுகிற பலகை கட்சியுடையதா அரசுடையதா என்பதில் என்ன வித்தியாசம்?

மற்றது மும்பை. 2024 மே 13 அன்று காட்கோபரில் புழுதிக் காற்றில் ஒரு ராட்சதப் பலகை பெட்ரோல் பங்க் மீது சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40க்கு 40 அடி. விழுந்தது 120க்கு 120 அடி. பரப்பளவில் ஒன்பது மடங்கு. எப்படி நின்றது? நிலம் ரயில்வே போலீஸ் வசம் இருந்தது. அங்கே மாநகராட்சி அனுமதி தேவையில்லை என்பது வாதம். இன்னார் இடம் என்பதாலேயே கிடைத்த விலக்கு அது. நிலத்தின் அமைப்பையோ பலகையின் பலத்தையோ யாரும் தராசில் வைக்கவில்லை.

இனி நம் மண்ணுக்கும் காற்றுக்கும் வருகிறேன். இவ்விரண்டையும் பேசாமல் கரிசல் காட்டில் பலகை பற்றிப் பேசுவது வீண் பேச்சு.

கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. தென்மேற்குப் பருவத்தில், மேற்கு மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும் காற்று தடுப்பார் இல்லாமல் இந்தச் சமவெளியில் இறங்குகிறது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் நம் ஊர் ஓயாமல் வீசப்படும் ஊர். காற்றின் வேகம் இரட்டித்தால் பலகைமேல் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். இந்திய தர நிர்ணய அமைப்பின் காற்றுச்சுமை விதிநூல் மதுரைக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர். அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ. இருபதுக்குப் பத்தடிப் பலகை என்றால் ஒன்றே முக்கால் டன் சுமை பக்கவாட்டில் வந்து தள்ளுகிறது என்று பொருள். இத்தனை வேகக் காற்று அன்றாடம் வராது. ஆனால் வருகிற அன்றைக்கு ஆங்கிள் இரும்பும் வெல்டிங்கும் அதைத் தாங்கியாக வேண்டும். பிளக்ஸில் பிறை பிறையாகக் கிழித்துவிட்டால் காற்று போய்விடும் என்று நம் தட்டி கட்டுகிறவர்கள் சொல்வது அனுபவ ஞானம்தான். பொறியியல் சான்றுக்கு அது ஈடாகாது.

மண் இன்னொரு கதை. கரிசல் தண்ணீர் பட்டால் உப்பும். வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரை, வைகாசியில் வெடிப்புக்குள் கை நுழையும். ஐப்பசி மழையில் அதே வெடிப்பு மூடி மண் மேலெழும்பும். கோவில்பட்டியில் நூற்றாண்டைக் கடந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிருக்காக ஆராய்ந்துவரும் மண்ணும் இந்த மண்தான். பயிருக்கு ஈரம் காக்கும் அந்தக் குணம் கம்பத்துக்குக் கேடு. மூன்றடிக் குழியில் ஜல்லி போட்டு நட்ட இரும்புக் கால், ஒவ்வொரு கோடையிலும் மண் விலகுவதால் பிடி தளரும். வீடு கட்டுகிறவர்கள் கரிசலைத் தோண்டி எடுத்து அடியில் இறுகிய மண்ணைத் தேடுவது இதனால்தான். பலகை நடுகிறவர்கள் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. கோடை முழுக்க மண் பிடி விட்டிருக்கும் நேரம் பார்த்து, முதல் ஆனிக் காற்று வருகிறது. காற்றும் மண்ணும் கூட்டுச் சேரும் இந்த வாரங்கள் எந்த விதிநூலிலும் தனியாகக் குறிக்கப்படவில்லை. கோயம்புத்தூர் மாவட்டம் கருமத்தம்பட்டியில் பலகை சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தது 2023 ஜூன் 1ஆம் தேதி, காற்றுக்காலம் பிறக்கிற வேளை. இறந்தவர்கள் சாரத்தில் ஏறிய கூலிக்காரர்கள். பலகை விழும்போது சாகிறவர்களில் அதைக் கட்டுகிறவரும் உண்டு.

இதையெல்லாம் சொல்வதன் காரணம், எதில் விலக்கு தரலாம், எதில் கூடாது என்ற கோட்டை மண்ணும் காற்றும்தான் போட வேண்டும் என்பதற்காக. அளவு, இடம், முனையிலிருந்து தூரம் ஆகியவற்றில் சூழ்நிலை பார்த்து விட்டுக்கொடுக்கலாம். உறுதியில் விலக்கு கிடையாது. வளைவில் வண்டி ஓட்டுபவரின் பார்வையை மறைப்பதில் கிடையாது. உயர் அழுத்த மின்கம்பிக்கு அருகில் கிடையாது. கோயில் பலகைக்கும் கிடையாது, மந்திரி பலகைக்கும் கிடையாது.

நான்குவழிச் சாலையோரக் காட்டுக்காரர்களை இங்கே நினைக்காமல் முடியாது. மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் தேசிய நெடுஞ்சாலை 44, சாத்தூர் தாண்டியதிலிருந்து கயத்தாறு வரை, மானாவாரி நிலத்தைப் பிளந்துகொண்டு போகிறது. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் மழையை நம்பிய பயிர்கள். மழை பொய்த்த வருசத்தில் சாலையோரத்து அரை சென்ட்டில் யூனிபோல் என்னும் ஒற்றைக்கால் பலகையை நடவிட்டு வாங்கும் வாடகை, மீதி ஐந்து ஏக்கர் தந்ததைவிட அதிகமாக இருக்கலாம். அந்த விவசாயியை நான் குற்றவாளி ஆக்க மாட்டேன். ஆனால் அனுமதி இல்லாத பலகைக்கு மூன்றாண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று 2023இல் நகராட்சி நிர்வாகத் துறை எச்சரித்தபோது, இடத்தின் சொந்தக்காரரையும் சேர்த்தே எச்சரித்தது. விளம்பரக் கம்பெனி சென்னையில் இருக்கும். கம்பம் சாய்ந்தால் போலீஸ் முதலில் வருவது காட்டுக்காரர் வீட்டுக்கு. கையெழுத்துப் போடுமுன், உறுதிச் சான்று யார் பெயரில் இருக்கிறது, காப்பீடு யார் கட்டுகிறார் என்று அவர் கேட்டாக வேண்டும்.

விலக்கு என்ற அதிகாரம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நகர், ஊரமைப்புச் சட்டம் 1971இன் 113ஆவது பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலக்கு தர அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1980களின் இறுதியில் சில மாதங்களுக்குள் வழங்கப்பட்ட 62 விலக்கு ஆணைகள் மீதான வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 2000இல் தீர்ப்பு வந்தது. விலக்கு தரும் அதிகாரம் செல்லும் என்று ஏற்ற நீதிமன்றம், காரணமே எழுதாமல் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய விதத்தை ஏற்கவில்லை. நம் விவாதத்துக்கு அடித்தளம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது: விலக்கு தரலாம், ஏன் தருகிறாய் என்று எழுது.

அதே சட்டத்தில் பின்னால் சேர்ந்த 113-ஏ, வேறொரு பாடம். 1999 பிப்ரவரி 28 வரை விதிமீறிக் கட்டிய கட்டடங்களைப் பணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் ஒருமுறை ஏற்பாடு என்று வந்தது. ஒருமுறை என்றார்கள். பிறகு 113-சி வந்து, 2007 ஜூலை 1 வரையிலான கட்டடங்களுக்குக் கதவு திறந்தது. காத்திருந்தால் மன்னிப்பு வரும் என்று கட்டுகிறவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆகவே பலகைக்கு விலக்கு என்றால், நடுவதற்கு முன்பு கேட்பவருக்கு மட்டுமே. நட்டுவிட்டு வந்து கேட்பவருக்கு, கழற்றிவிட்டு வா என்பதுதான் பதில்.

முன்கூட்டிக் கேட்டு, எழுத்தில் வாங்கும் விலக்கு அமெரிக்காவில் நூறாண்டுப் பழக்கம். நியூயார்க் நகரம் 1916இல் மண்டல விதிகளைக் கொண்டுவந்தபோதே, மேல்முறையீட்டுக் குழு ஒன்றையும் வைத்தது. அமெரிக்க ஊர்களில் இன்றும் விலக்கு கேட்பவரிடம் வைக்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. உன் இடத்தின் அமைப்பில் மற்றவர்களுக்கு இல்லாத சங்கடம் என்ன? அந்தச் சங்கடம் நீயே உண்டாக்கிக்கொண்டதா? விலக்கு கொடுத்தால் பக்கத்து இடத்துக்காரருக்கு என்ன பாதிப்பு? பக்கத்து இடத்துக்காரருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் போகும்; அவர் வந்து ஆட்சேபிக்கலாம். அதிக வியாபாரம் ஆக வேண்டும் என்பது மட்டும் சங்கடக் கணக்கில் சேராது.

அங்கேயும் தவறு நடக்கிறது. அரிசோனா மாநிலத்தில் கில்பர்ட் என்ற ஊரில், சொந்தக் கட்டடம் இல்லாத சிறு தேவாலயம் ஒன்று ஞாயிறு தொழுகைக்கு வழிகாட்டத் தற்காலிகப் பலகைகள் வைத்தது. ஊர் விதிப்படி வழிகாட்டிப் பலகை 6 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்பு வைத்து, முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தேர்தல் பலகையோ 32 சதுர அடி வரை, மாதக்கணக்கில் நிற்கலாம். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துச் சலுகையைக் கூட்டிக் குறைக்கக் கூடாது என்று 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊர் விதியை ரத்து செய்தது. நம் சந்துக்காரரின் அம்புக்குறியும் பிரமுகரின் ஆர்ச்சும் என் நினைவுக்கு வந்தன. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் 2007இல் வெளிப்புற விளம்பரங்களையே அடியோடு எடுத்துவிட்டு, கடைப் பெயருக்கு மட்டும் முகப்பின் நீளத்தைப் பார்த்து அளவு கொடுத்தது: பத்து மீட்டருக்குக் குறைந்த முகப்புக்கு ஒன்றரை சதுர மீட்டர், அதற்கு மேல் நூறு மீட்டர் வரை நான்கு சதுர மீட்டர். இரண்டு வரியில் முடிந்த விதி. நம் கடைவீதிக்குத் தேவையும் இப்படி எளிய விதிதான். கையளவு தீப்பெட்டியில் படமும் பெயரும் அச்சிட்டு ஒரு பண்டத்தை நாடெங்கும் அடையாளம் காட்டிய ஊர்க்காரர்களுக்கு, சின்னப் பலகையில் பெரிய பெயர் எடுப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நகராட்சியில் செய்யக் கூடியதைச் சொல்கிறேன். விலக்குக்கென்று தனிப் பதிவேடு ஒன்று. மனு வந்ததும் அது நகராட்சி அறிவிப்புப் பலகையிலும், பலகை வரவிருக்கும் இடத்திலும் 15 நாள் ஒட்டப்பட வேண்டும். எதிர்க்கடைக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்த நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லட்டும். கொடுத்தாலும் மறுத்தாலும் ஆணையர் காரணத்தை நான்கு வரியாவது தமிழில் எழுத வேண்டும். விலக்கு மூன்று ஆண்டுக்கு மட்டும். ஒவ்வொரு வைகாசியிலும், காற்றுக்கு முன்பு, பொறியாளர் சான்று புதுப்பிக்க வேண்டும். விலக்கு எண் பலகையின் மூலையில் தெரிய வேண்டும். எண் இல்லாத பலகையை யார் வேண்டுமானாலும் படம் எடுத்து அனுப்பலாம். குறித்த நாளுக்குள் அது இறக்கப்பட வேண்டும். கட்டணம் சதுர அடிக்கு ஏற்ப இருந்தால் சந்துக்காரருக்குச் சில நூறு ரூபாயோடு முடியும். தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்ற கடைப் பலகை விதிக்கு மட்டும் எந்த விலக்கும் வேண்டாம்; அதை நிறைவேற்ற மூன்றடி இடமே போதும்.

கவுன்சிலர்கள் இதை விரும்ப மாட்டார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். வாய்ச்சொல்லில் கொடுக்கும் சலுகைக்குத்தான் நன்றி திரும்ப வரும். பதிவேட்டில் எழுதிக் கொடுப்பது உரிமையாகிவிடும். கட்சிக்காரர்களும் இதே பதிவேட்டில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றால் முணுமுணுப்பு வரத்தான் செய்யும். எந்தக் கட்சி ஆண்டாலும் ஆர்ச் மட்டும் மாறாமல் நிற்பதைப் பார்த்துவருகிறவர்கள் நாம்.

அடுத்த ஆனிக் காற்றுக்கு முன்பு கோவில்பட்டி நகராட்சி இதைத் தொடங்கலாம். பதிவேடு ஒன்றைத் திறக்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மன்றத்தில் ஒரு தீர்மானம் போதும். ஊருக்குள் நகராட்சி தானே வைத்திருக்கும் பலகைகள் எத்தனை, எந்தச் சந்திப்பிலிருந்து எத்தனை மீட்டரில், யார் கொடுத்த உறுதிச் சான்றோடு நிற்கின்றன என்பதை ஆணையர் அதன் முதல் பக்கத்தில் எழுதித் தொடங்கட்டும்.